பால்வாடியில் வாய் திறக்காதவர்கள்

போன வாரம் சுபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பழைய மையத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் அவள். எடுத்த எடுப்பிலேயே அழுகைக் குரல்.

"டீச்சர், இங்கன ஒருத்தன் வாயத் தொறக்கவே மாட்டேங்கான். பிள்ள சாப்பிடுத போட்டோவ செல்போன்ல ஏத்தணும்னு சொல்லுதாவ. நான் கரண்டியோட நிக்கேன், ஆயா போனப் பிடிச்சிட்டு நிக்காவ. அவன் எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கான்."

"சிரிக்கும்போது வாய் தொறந்துதான இருக்கும்? அப்ப எடுத்துர வேண்டியதுதான?" என்றேன்.

"வெளையாடாதீய டீச்சர். நீங்க இத்தன வருசம் எப்படித்தான் சமாளிச்சீயளோ! கொஞ்சம் எழுதித்தான் தாங்களேன்."

சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற டீச்சரிடம் யாராவது ஏதாவது கேட்டால் விடுவோமா? ஆனால் இதில் வைத்தியம் எதுவும் இருக்காது சுபா, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பட்ட பாடுதான் இருக்கும்.

நான் வேலை பார்த்தது சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் மேற்கே, கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில். அரசாங்கம் அங்கன்வாடி மையம் என்று போர்டு எழுதி மாட்டியிருந்தது. ஊருக்கு அது என்றைக்கும் பால்வாடிதான். முன்னால் ஒரு ஹால், பின்னால் சமையல்கட்டு, ஜன்னலைத் திறந்தால் வாழைத் தோட்டம். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் வயலுக்கும் லோடு ஏற்றவும் போய்விடுவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அந்தப் பிள்ளைகளின் வயிறு எங்கள் பொறுப்பு.

இந்த வேலைக்கு எங்களுக்குப் பயிற்சியெல்லாம் உண்டு. எந்த வயதுக்கு எத்தனை எடை, எந்த மாதம் எந்தத் தடுப்பூசி, பருப்பில் என்ன சத்து, கீரையில் என்ன சத்து எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பிள்ளை சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரே வரிதான். அன்புடன் ஊட்டவும். முதல் நாள் நானும் ஒரு பயலுக்கு அன்புடன் ஊட்டினேன். அவனும் என் புதுச் சேலையில் அன்புடன் துப்பினான். அந்தத் தக்காளிச் சாதத்தின் கறை, சேலை கிழிகிற வரைக்கும் போகவில்லை.

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற திறமை பெரியவர்களுக்கு வராது. சிலது வாங்கி வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். நாம் தட்டு காலியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு முகம் கழுவிவிடப் போனால், மொத்தச் சோற்றையும் குழாயடியில் கக்கி வைக்கும். சிலதுக்குத் தட்டைக் கண்டாலே ஒண்ணுக்கு வந்துவிடும். பொன்னுத்துரை என்று ஒருத்தன், தன் தட்டில் இருப்பதைத் தொடமாட்டான், பக்கத்துத் தட்டில் இருப்பதைத்தான் தின்பான். அவனையும் பக்கத்திலிருந்தவனையும் தட்டு மாற்றி உட்கார வைத்தேன். அன்றைக்கு அவனுக்கு மூன்றாவது தட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. போடா ராசா, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

முட்டை கதை ஒன்று இருக்கிறது. காசிம் என்று ஒரு பையன். அவன் அத்தா துபாயில் இருந்தார், உம்மா மட்டும் இங்கே. முட்டை போடுகிற நாளெல்லாம் பயல் சோற்றைத் தின்றுவிட்டு, முட்டையை டவுசர் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். வீட்டில் வைத்துத் தின்பான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவன் உம்மா சிரிப்பும் கோபமுமாக வந்து நின்றாள்.

"டீச்சர், இவன் கொண்டாற அவிச்ச முட்டைய எல்லாம் கோழிக்கு அடியில கொண்டு வச்சிருக்கான். அது வேற புத்தியில்லாத கோட்டிக் கோழி. இறங்காம அட காத்துட்டுக் கெடக்கு. வீடு பூரா நாத்தம் தாங்கல!"

காசிமைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கோழிக்கு உள்ளத கோழிட்டதான குடுக்கணும்?" என்றான். இவ்வளவு நேர்மையான பயலிடம் நான் என்ன பேச? பிறகு முட்டையைச் சோற்றோடு பிசைந்து கொடுத்துச் சரிக்கட்டினோம். பிசைந்தது பாக்கியம்.

பாக்கியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் மையத்தின் ஆயா. சமைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள். பாக்கியத்தின் கை பஞ்சு, வாய் வெடி. "ஏ மூதி, இங்கன வா" என்று கூப்பிட்டால் வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் திரும்பிப் பார்ப்பார். புதிதாக வருகிற அம்மாக்கள் முதலில் அரண்டு போவார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ ரெண்டாம் நாளே அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அவள் சோறு போடுவதைப் பார்க்க வேண்டும். கொதிக்கிற சோற்றைத் தட்டில் பரப்பி, விரலால் கோடு கோடாகக் கீறி ஆறவிடுவாள். நடுவில் குழி, அதில் பருப்பு. புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பெருவிரலால் ஒரே மசி. சின்னதுகளுக்குக் குழைய, பெரியதுகளுக்குக் கொஞ்சம் பதமாக. வைத்துவிட்டுச் சாப்பிடு என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். "நான் அடுப்படிக்குப் போயிட்டு வாரேன். எவனாவது ஒரு வாய் தின்னிய, தொலிய உரிச்சுப்புடுவேன்" என்று மிரட்டிவிட்டு உள்ளே போவாள். திரும்பி வருவதற்குள் பாதித் தட்டு காலியாகியிருக்கும். "எந்தக் களவாணி தின்னான்?" என்று அவள் தலையில் கை வைத்து அலற, பிள்ளைகள் வாய் நிறையச் சோற்றோடு உருண்டு சிரிக்கும். பயிற்சி கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் கோமதி மேடம். சொல்லிக்கொண்டு வருகிற வழக்கமே கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை மடக்கி, செருப்பைச் சுவரோரமாக ஒரே நேராக வைப்பார். அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் மேடம் வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியும். வணக்கம் சொன்னால் "ம்" என்பார். நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் கை கழுவுவார். சமையல்கட்டில் ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவில் நசுக்குவார். அப்புறமும் "ம்". எந்த "ம்" நல்ல "ம்", எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே எனக்கு வருஷக்கணக்கானது. ஆனால் பிள்ளைகள் முன்னால் எங்களை ஒருநாளும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதே தட்டில் அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

எடை போடும் நாளில்தான் அவர் கண்டிப்பு தெரியும். அப்போது எங்களிடம் இருந்தது தொங்கு தராசு. உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, கால் நுழைகிற மாதிரி தைத்த துணிப்பையில் பிள்ளையை இறக்க வேண்டும். முதலில் வெறும் பையை மாட்டி முள்ளைச் சைபருக்குக் கொண்டுவரணும். சட்டையைக் கழற்றணும், கொலுசைக் கழற்றணும், கைக்குள் புளியங்கொட்டை வைத்திருக்கிறதா என்று பார்க்கணும். பிள்ளை காலை உதறி ஊரைக் கூட்டும். உதறல் அடங்குகிற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கணும், மேலிருந்து பார்த்தால் ஒரு கணக்கு, கீழிருந்து பார்த்தால் ஒரு கணக்கு. எடை அட்டையில் புள்ளி பச்சையில் விழுந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது. மஞ்சளுக்கு இறங்கினால் மேடம் "ம்" என்றுவிட்டு, குடையை விரிக்காமலேயே கிளம்பிப் போவார். அது கெட்ட "ம்".

ருத்துவின் புள்ளி மஞ்சளில் விழுந்தது.

ரித்திகாஸ்ரீ என்று பெயர். பாக்கியத்தின் வாயில் அவ்வளவு நீளம் நுழையாது, அதனால் ருத்து. மூன்று வயது முடிந்திருந்தது. முட்டைக் கண், எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. அப்பா சுடலைமணி லோடு ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றுகிறவர், அம்மா முத்துக்கனி வயல் வேலைக்குப் போகிறவள். பிள்ளை எங்களிடம் வந்து சேர்ந்தது புரட்டாசியில்.

புரட்டாசி என்றால் எங்கள் பக்கம் குலசை தசரா. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஊர் ஊராக மாலை போடுவார்கள். மாலை போட்டவர்கள் வெளியில் கை நனைக்க மாட்டார்கள், வீட்டில் சுத்தபத்தமாகப் பொங்கியதுதான். காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி, தெருத் தெருவாகக் காணிக்கை வாங்கி, தசராவுக்குக் கடற்கரைக் கோயிலில் கொண்டு செலுத்துவார்கள். அங்கே பூசாரி மாலையைக் கழற்றிய பிறகுதான் பழையபடி எல்லாம். ருத்து கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளையாம். அதற்காக அந்த வருஷம் அப்பா காளி, மகள் குட்டிக் குறத்தி.

"மால போட்டிருக்கா டீச்சர். இங்கத்த சாப்பாடு வேண்டாம், நானே குடுத்து விடுதேன்" என்று முத்துக்கனி தூக்குவாளியில் சோறு கொடுத்துவிட்டாள். ருத்து அதை எங்களுக்கு ஒரு பருக்கை வைக்காமல் தின்றது. தசரா முடிந்தது. கழுத்தில் மாலை இல்லாமல் பிள்ளை வந்தது. "இனி இங்கனயே சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மாக்காரி வாளி இல்லாமல் கிளம்பினாள்.

அன்றைக்கு மதியம் பாக்கியம் தட்டை வைத்தாள். ருத்து உதட்டை உள்ளே இழுத்து மூடிக்கொண்டது. வலது கையைத் தூக்கிக் கழுத்தைப் பொத்திக்கொண்டது. அவ்வளவுதான். அழுகை இல்லை, அடம் இல்லை. புதுச் சோறு, பழக வேண்டாமா என்று விட்டுவிட்டோம்.

மறுநாளும் அதே மாதிரி. அதற்கு மறுநாளும். எவனாவது ஒரு வாய் தின்னிய என்று பாக்கியம் மிரட்டினால், பிள்ளை அதை அப்படியே கேட்டுக்கொண்டு ஒரு வாய்கூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்தது. சத்துமாவு உருண்டை, சுண்டல், எதுவும் வேண்டாம். தட்டு வந்தால் கை கழுத்துக்குப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் ஓடும், ஆடும், பாக்கியத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

தொண்டையில்தான் என்னவோ என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். தொண்டையில் சோறு சிக்கியிருக்கும் என்று முத்துக்கனி தொக்கம் எடுக்கிற அம்மாளிடம் கொண்டுபோனாள். அந்த அம்மாள் ஊதி, தடவி, ஒரு பருக்கையை எடுத்தும் காட்டினாள். இந்தப் பிள்ளை வாயிலேயே வைக்காத சோறு தொண்டைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, எனக்கெதற்கு வம்பு?

எல்லாவற்றையும் கெடுத்தது திரும்பி வந்த அந்தத் தூக்குவாளிதான். முத்துக்கனி ரெண்டு மூன்று நாள் வீட்டுச் சோறு கொடுத்து அனுப்பிப் பார்த்தாள். ருத்து அதே இடத்தில் உட்கார்ந்து, கழுத்தில் கை வைக்காமல், மளமளவென்று தின்று முடித்தது. அம்மாக்காரியின் முகம் மாறிவிட்டது. பிறகு நடுகைக் காலம் வந்து, விடியுமுன்னே வயலுக்குப் போகிறவளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கவும் நேரமில்லை. பிள்ளை பகல் முழுக்கப் பட்டினி. அப்போதுதான் புள்ளி மஞ்சளுக்கு இறங்கியது.

ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்த முத்துக்கனி வாசலில் நின்று சத்தம் போட்டாள். தெருவே கூடிவிட்டது.

"எஞ்சோத்தத் திங்கா, ஆயா சோத்தத் தொட மாட்டேங்கான்னா என்ன அர்த்தம்? தட்டப் பாத்தாலே கழுத்தப் பிடிச்சிக்கிடுதா. பிள்ளைட்டயே கேட்டேன் டீச்சர். ஆயா கழுத்தப் பிடிச்சு ஊட்டுனாளாட்டீன்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுதா!"

மூன்று வயதுப் பிள்ளையிடம் நிலாவைப் பிய்த்துத் தின்றது நீயா என்று கேட்டாலும் தலையாட்டும். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பாக்கியம் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். ஒரு ஊருக்குக் கேட்கிற குரல்காரி, அன்றைக்கு மெல்லப் பேசினாள்.

"நான் பிள்ள கழுத்தப் பிடிச்சேனா? ஏட்டி, நான் பிடிச்சேனா?"

முத்துக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் மையம் நன்றாக இல்லை சுபா. பாக்கியம் பிள்ளைகளை மிரட்டுவதை நிறுத்திவிட்டாள். மூதி என்று கூப்பிடுவதில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வாள், விரல்கூடப் படாமல். பிள்ளைகள் அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்து, அவள் வராததால் சப்பென்று போய், ஏனோதானோ என்று தின்றன. ரெண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். கடையில் உப்பு வாங்கப் போன பாக்கியத்தைப் பார்த்து ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாளாம். "வேற ஊருக்கு மாத்துனா போறேன் டீச்சர்" என்றாள் என்னிடம். "ஆனா இந்தப் பேரோட எங்க போவேன்? பிள்ள கழுத்த நெரிச்சவன்னுதான அங்கயும் சொல்லுவாவ?" இத்தனை வருஷம் அத்தனை பிள்ளைகளின் எச்சில் கையைக் கழுவிவிட்டவளுக்கு இதுவா கிடைக்கணும் என்று நானும் அழுதேன்.

புகார் மேடத்துக்குப் போய்விட்டது. ஒரு நாள் சுவரோரம் அந்தச் செருப்பு இருந்தது. "பிள்ளை சாப்பிடலன்னா பாக்கியத்தை மாத்தத்தான் வேண்டி வரும்" என்றார் என்னிடம் தனியாக. "நான் நம்பல. ஆனா அம்மா புகார் குடுத்திருக்கா, எடையும் இறங்கியிருக்கு. நான் வேற என்ன செய்ய?" முத்துக்கனியையும் சுடலைமணியையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். ரெண்டு பேரும் வயல் சேற்றுக் காலோடும் வாழைக்கறைச் சட்டையோடும் வந்து வாசலில் நின்றார்கள். முதலில் பிள்ளைகள் சாப்பிடட்டும், பேச்சு அப்புறம் என்றுவிட்டார் மேடம்.

பாக்கியம் தட்டுகளை வைத்துவிட்டு அடுப்படி வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். ருத்துவின் கை கழுத்துக்குப் போனது. மேடம் ருத்துவுக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டை இழுத்து வைத்தார். கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அடையாள அட்டையை, குனிந்தால் சாம்பாரில் விழும் என்று, தலை வழியாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

ருத்துவின் முட்டைக் கண் இன்னும் பெரிதானது.

"யாரு கழட்டுனா?" என்றது.

ருத்து மேடத்திடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மேடம் சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான்தான் கழட்டினேன்" என்றார்.

"நீயே கழட்டலாமா?"

"கழட்டலாமே. ஏன்?"

"ஆத்தா கண்ணக் குத்தும்."

"உனக்கு யாரு கழட்டுவா?"

"பூசாரி." பிள்ளை கழுத்திலிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டது. மேடத்தின் பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது. "பூசாரி கழட்டல. எம் மால காணாமப் போயிட்டு. அம்மைட்டச் சொல்லாத, அடிப்பா."

வாசலில் முத்துக்கனி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

சுடலைமணிதான் திக்கித் திக்கிச் சொன்னார். "மேடம், கடக்கரையில பூசாரி மால கழட்டும்போது இவ எந்தோள்ல தூங்கிட்டா. நாளு பூரா வேசத்தோட நடந்த பிள்ள. எழுப்புனா அழுவாளேன்னு தூக்கத்தோடயே கழட்டியாச்சு. நாங்க ஒண்ணும் சொல்லவும் இல்ல, அவ ஒண்ணும் கேக்கவும் இல்ல. சாமி படத்துக்கிட்ட ஆணியிலதான் தொங்குது."

தூங்கி எழுந்தால் கழுத்தில் மாலை இல்லை. மாலையைத் தொலைத்துவிட்டோம் என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டது. தொலைந்தாலும் விரதம் விரதம்தானே? பூசாரி கழற்றுகிற வரைக்கும் வெளியில் வாய் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வைக்கவில்லை. தட்டைக் கண்டதும் விரத ஞாபகம் வந்து, வெறும் கழுத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் பொத்தி மறைத்திருக்கிறது. வேஷம் கட்டிய பெரிய ஆம்பிளைகளில் எத்தனை பேர் விரதத்தின் நடுவிலேயே டீக்கடையில் வடை தின்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரிலேயே ஒழுங்காக விரதம் இருந்தது இந்த ஒரு பிள்ளைதான், அதைத்தான் டானிக் கொடுத்தும் தொக்கம் எடுத்தும் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம்.

சுடலைமணி ஆட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வந்தபோது கையில் மாலை இருந்தது. ருத்து அதைக் கண்டதும் தன் வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அப்பா மண்டியிட்டு மாலையைப் போட்டுவிட்டார். "காணாமப் போவலட்டி. அப்பாட்டதான் இருந்துச்சு. சரி, இப்பக் கழட்டிருவோம். யாரு கழட்டணும், சொல்லு. கோயில் பூசாரியக் கூட்டிட்டு வரட்டா?"

பிள்ளை யோசித்தது. பூசாரி வருகிற வரைக்கும் பசி பொறுக்காது என்று நினைத்ததோ என்னவோ. அப்பாவைப் பார்த்தது, மேடத்தைப் பார்த்தது, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டது. எழுந்து நேரே அடுப்படி வாசலுக்கு நடந்தது. பாக்கியத்தின் முன்னால் போய் நின்று, முகத்தை மேலே தூக்கிக் கழுத்தை நீட்டியது.

"கழட்டு ஆயா."

பாக்கியம் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொட மாட்டேன் டீச்சர். எனக்கு வேண்டாம்."

பிள்ளை நீட்டிய கழுத்தோடு நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த முத்துக்கனி எழுந்து வந்தாள். கண் தரையில் இருந்தது.

"மதினி, கழட்டி விடுங்க" என்றாள்.

பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் கழுத்தில் விரல் படாமல் எடுக்கப் பார்த்தாள், காதோரம் முடியில் சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒரு கையால் அந்தக் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் மாலையைச் சிக்கெடுத்துத் தலை வழியாகக் கழற்றினாள். ருத்து கண்ணை மூடி நின்றுவிட்டு, திறந்து, இடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஆ என்றது.

அன்றைக்கு அது தின்ற வேகத்தைப் பார்த்து மேடம் ரெண்டு தடவை "ம்" என்றார். ரெண்டும் நல்ல "ம்".

முத்துக்கனி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். பாக்கியம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, விரலால் கீறி ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இருட்டோட வயலுக்குப் போனவ. ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. இந்தா."

பிள்ளைகளுக்கு அளந்த சோறு பெரியவர்களுக்குக் கிடையாது என்பது சட்டம். மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போய் வாழைத் தோட்டத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். முத்துக்கனி தட்டை வாங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள், கண்ணீர் சேலையில் விழுந்தது. பாக்கியம் ஒரு கவளம் உருட்டி அவள் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

ருத்து இதைத் தன் தட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நிறையச் சோறு. அதை அவசரமாக விழுங்கிவிட்டு, அம்மாவுக்குத் தைரியம் சொன்னது.

"தின்னும்மா, ஒண்ணும் செய்யாது. ஆயா கழட்டிட்டாவ."

முத்துக்கனி வாயைத் திறந்தாள்.